விரற்கடை திறந்த ஜன்னல்

முப்பத்தொரு வருஷம்
பசூர்த்தோ ஆஸ்பத்திரியில் இரவு நர்ஸ் நான்.
சான் மமேஸ் மைதானத்துக்குள்
ஒருநாளும் கால் வைத்ததில்லை.
ஆனாலும் பில்பாவ் நகரத்தில்
அதை என்னைவிட நன்றாகக் கேட்டவர் யாருமில்லை.

ஜன்னலை விரற்கடை திறந்தால் போதும்.
கோல் என்றால்
மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கும் பால்.
பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பினால்
நாற்பதாயிரம் பேர் ஒரே சட்டியைத் தொட்டுச்
சுட்டுக்கொள்வார்கள்.
எதிரணி அடித்தால் மட்டும் சத்தம் வராது.
டிரிப் சொட்டுவது
அப்போதுதான் காதில் விழும்.

மமேஸ் என்பவன் சிறு பையன்.
சிங்கங்களுக்கு இரையாகத் தள்ளினார்களாம்.
அவை மோந்து பார்த்துவிட்டு
அவன் காலடியில் படுத்துக்கொண்டனவாம்.
அவன் பேரில் ஒரு சிற்றாலயம்,
அதன் பக்கத்தில் 1913-இல் மைதானம்.
அதனால் எங்கள் ஆட்டக்காரர்களுக்குச் சிங்கங்கள் என்று பேர்.
"தின்னத் தெரியாத சிங்கங்களின் பேரை வைத்துக்கொண்டு
கோப்பை எப்படி ஜெயிப்பீர்கள்?"
என்பாள் தலைமை நர்ஸ் எலாடியா.
அவள் ஊர் புர்கோஸ். மன்னித்துவிட்டோம்.

பாஸ்க் மண்ணில் பிறந்தவனோ ஆடப் பழகியவனோதான்
அந்தச் சிவப்பு வெள்ளைக் கோட்டுச் சட்டையைப் போடலாம்.
எங்கள் மாடியில் பிரசவ வார்டு.
முதல் அழுகையை நான் கேட்ட எவனோ ஒருவன்
இப்போது அங்கே ஓடிக்கொண்டிருக்கலாம்.

பதினான்காம் அறைக்கு
இலாரியோ மெந்திபே வருவார், போவார், மறுபடி வருவார்.
ஆற்றங்கரைக் கப்பல் பட்டறையில் வெல்டர்.
பட்டறையை மூடி எத்தனையோ காலம்;
நுரையீரலில் அதன் புகை மட்டும்
இன்னும் ஷிஃப்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.
மைதானத்தின் இரும்பு வளைவைப் பற்றிப் பேச்செடுத்தால்
எழுந்து உட்காருவார்.
"கூரையை மேலேயிருந்து தூக்கிப் பிடிக்கிறது, நெகானே.
தூணே கிடையாது. எவன் கண்ணையும் எதுவும் மறைக்காது"
என்று கையைத் தலைக்கு மேல் வளைத்துக் காட்டுவார்.
ஊசி கழன்றுவிடும். ஒவ்வொரு முறையும்.

ரேடியோ கூடாது அவருக்கு.
அது சொல்லிவிடுமாம்.
கேட்டுக் கண்டுபிடிக்க வேண்டும், காப்பி பந்தயம்.
நான் பதினேழு காப்பி கடன்.

இரண்டாயிரத்துப் பதிமூன்று.
பக்கத்திலேயே புதிய மைதானம்.
இடம் போதவில்லை;
அதன் நான்காம் பக்கம் எழவேண்டுமென்றால்
பழையது சாய வேண்டும்.
சிங்கங்கள் தின்ன மறுத்த பையனை
மஞ்சள் இயந்திரங்கள் மறுக்கவில்லை.
மருந்துத் தட்டில் ஊசிகள்
பகலெல்லாம் நடுங்கினவாம்.
"வளைவு?" என்றார்.
பத்திரமாக எடுத்து வைக்கிறார்கள் என்றேன்.
"அறுத்தா, போல்ட்டைக் கழற்றியா?"
தெரியாது என்றேன்.
விடியும்வரை அவர் பேசவில்லை.

செப்டம்பர், ஒரு திங்கட்கிழமை,
மூன்று பக்க மைதானத்தில் முதல் ஆட்டம்.
நான்காம் பக்கம் மண்மேடு, வேலி, கிரேன்.
ஜன்னலைத் திறந்தேன்.
சிரிமிரி, எங்கள் ஊர்த் தூறல்,
உள்ளே வந்து அவர் போர்வையில் உட்கார்ந்தது.
இரைச்சல் பிடிபடவே இல்லை.
முன்பல் விழுந்தவர் பேச்சைப்போல
பாதி காற்றாகப் போனது.
பிறகு ஒரு மௌனம்.

"அவர்கள் அடித்துவிட்டார்கள்" என்றார் இலாரியோ.
"புது இடமாயிற்றே, எப்படித் தெரியும்?"
"அதே மௌனம்தான், நெகானே.
அப்படியே பெயர்த்துக் கொண்டுபோயிருக்கிறார்கள்,
ஒரு போல்ட்டும் குறையாமல்."

பிறகு பொங்கியது. மறுபடி பொங்கியது.
மூன்று இரண்டு, நமக்கு என்றார்.
இரண்டு இரண்டு என்று எண்ணியிருந்தேன் நான்.
பதினெட்டு காப்பி.

நான்காம் பக்கம் கட்டி முடித்தபோது
பதினான்காம் அறையில் ஒரு வக்கீல்,
கால்பந்து பிடிக்காதவர்.
குளிர்கிறது, ஜன்னலைச் சாத்துங்கள் என்றார்.
சாத்தினேன்,
விரற்கடை விட்டு.